துண்டு போட்டு மூடிய பீரோ

இதைப் படிக்கப் போகிறவர்கள் முதலிலேயே என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், அதிலும் அஞ்சாவது பாதியில் நின்றது. எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடும். மிச்சப் பாதி கோணல்மாணலாக வரும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. பேச வராததால்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமயநல்லூரில் நாங்கள் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மதுரைக்குள் ஒரு மாடி வீடு கிடைத்தது. அந்த மாடிப்படி நேராக ஏறாது, நடுவில் ஒரு திருப்பம் திரும்பும். என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு கம்பெனியில் இரும்புச் சாமான் ஏற்றி இறக்கியே ரிட்டயர் ஆனவர். படியை மேலும் கீழுமாகப் பார்த்தார், கையை விரித்து ஒரு அளவு எடுத்தார், "பீரோ ஏறாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த பீரோ ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஒரு கதவு முழுக்கக் கண்ணாடி. நாங்கள் தனிக்குடித்தனம் வந்தபோது என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, அலங்காநல்லூரிலிருந்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. அந்த வருஷம் கரும்பு வெட்டிய காசில் பாதி அதற்குப் போனதாக மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மதினி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பீரோவே சொல்லிவிடும். கொடுக்கிற சாமானில் பேர் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடம் என்றால் பேரை வெட்டுவார்கள், ஃபேன் என்றால் இறக்கையில் எழுதுவார்கள். பீரோவில் கண்ணாடிக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் 'அன்பளிப்பு' என்று போட்டு, அதற்குக் கீழே மதினி பேர், அதற்கும் கீழே ஊர்ப் பேர். சின்ன எழுத்தெல்லாம் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே படித்துவிடலாம்.

என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசிலேயே தாய் இல்லை. வளர்த்தது மதினிதான். எங்களுக்கு ஒன்று என்றால் பஸ் ஏறி வர இருக்கிற ஒரே மனுஷி. அவர் மனசு நோகாமல் அந்த பீரோ வீட்டை விட்டுப் போக வேண்டும், எங்கள் கவலை அது ஒன்றுதான். திருப்பிக் கொண்டுபோய் விட்டால் கொடுத்ததை மூஞ்சியில் எறிந்த மாதிரி. பழைய இரும்புக்குப் போட்டால் தராசில் ஏற்றுவார்கள். மதினி பேரை எடை போட எனக்கு மனசு வரவில்லை.

"நீங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றேன்.

"நீயே சொல்லு. பொம்பளைக்குப் பொம்பள பேசிக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

நான் யாரிடமும் பேச மாட்டேன் என்று தெரிந்தே சொல்கிற பேச்சு. ஆக, இரண்டு பேருமே சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். பழைய சாமானைப் போட்டோ எடுத்துப் போட்டால் வேண்டியவர்கள் தேடி வருவார்களாம். கடைக்காரனிடம் பேச வேண்டாம், தரகன் வேண்டாம். பேசவே வேண்டாம் என்றதும் எனக்குப் பிடித்துப் போயிற்று. என்னைப் போன்ற வாயில்லாப் பூச்சிக்காகவே கண்டுபிடித்தது என்று நினைத்தேன்.

போட்டோ எடுக்கும்போது அந்தச் சிவப்பு எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஊரே பார்க்கிற இடத்தில் மதினி பேரைப் போட்டு விலை சொல்வதா? ஸ்டூலில் ஏறி, ஒரு பூந்துண்டை எடுத்து மேலேயிருந்து தொங்கவிட்டேன். பேர் நன்றாக மறைந்தது. இந்த வயசிலும் நமக்கு எம்புட்டு மூளை என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

விளம்பரமும் நானே ஒரு விரலால் தட்டி எழுதினேன். 'பீரோ நல்ல பீரோ. ஒரு சாவிதான் உண்டு, இன்னொன்று தொலைந்துவிட்டது. கீழ்த்தட்டில் துரு. மழைக்காலத்தில் கதவு இறுகும், முட்டியால் இடித்தால் திறக்கும்.' மகள் அதைப் படித்துவிட்டு உடனே போன் போட்டாள்.

"ஏம்மா, இது வெளம்பரமா, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்குற வாக்குமூலமா?"

"உள்ளதத்தானடி எழுதுனேன்."

"உள்ளத எழுதுனா எவன் வாங்குவான்?"

அவள் கேட்டது சரிதான். ஆனால் ஆள் வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்? விடிந்ததும் "இருக்கா?" என்று ஒருத்தர் கேட்பார். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இருக்கிறது ஐயா, காலை வணக்கம், நீங்கள் எந்த ஊர்" என்று அரை மணி நேரம் தட்டி அனுப்புவேன். அவரிடமிருந்து பதிலே வராது. அவருக்கு என்ன ஆச்சோ என்று எனக்கு அன்றைக்குப் பூராவும் கவலை. அடுத்தவர் "கடைசி விலை?" என்பார். முதல் விலையே கேட்காமல் கடைசி விலை. இன்னொருத்தர் எத்தனை அடி உயரம் என்றார். வீட்டில் டேப் இல்லாததால் முழம் போட்டு எழுதி அனுப்பினேன். "யார் கையால முழம்?" என்று கேட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். பீரோவுக்குப் பதிலாக ஒரு சேவலும் இரண்டு கோழியும் தருவதாகச் சொன்னவரும் உண்டு. மாடி வீட்டில் சேவலா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ஒரு நாள் போனே வந்துவிட்டது. மிலிட்டரியில் இருக்கிறாராம். பீரோவைப் பார்க்கவே வேண்டாமாம், சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். கட்டம் கட்டமாக ஒரு படம் அனுப்புவாராம், அதைப் போனில் காட்டி அமுக்கினால் பணம் வருமாம்.

"என் போன்ல பணம் வராதுப்பா. அதெல்லாம் மக போட்டுக் குடுக்கல. நீ எங்கப்பா வேல பாக்குற?"

"பார்டர்லம்மா. சீக்கிரம் அமுக்குங்க."

"அங்க ரொம்பக் குளுருமாமே. வேளைக்குச் சாப்புடுறியா? அம்மா இருக்காகளா?"

"இருக்காங்கம்மா. படம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. ஆமா, இம்புட்டுப் பெரிய பீரோவ பார்டருக்கு எப்புடித் தூக்கிட்டுப் போவ?"

"ஆள விடும்மா!" என்று வைத்துவிட்டார். நாட்டைக் காக்கிற பிள்ளையின் மனசை நோகடித்துவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திருட்டுப்பயல் என்று மகள் சொன்ன பிறகுதான் இறங்கியது. அதற்குப் பிறகும், அம்மா இருப்பதாகச் சொன்னானே, அந்த அம்மாவுக்கு இது தெரியுமோ என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேரில் வந்தவர்கள் ஆறேழு பேர். வந்தவர்களைக் காபி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? குடித்துவிட்டு, கதவைத் திறந்து மூடிவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அந்தத் துண்டுக்குப் பின்னாடி என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க."

"ஓட்டையா?"

"இல்லங்க."

"அப்ப எடுங்க, பாப்போம்."

எடுக்க மாட்டேன். எடுத்தால் பேர், பேரைப் படித்தால் யார் இது என்று கேள்வி, கேள்வி வந்தால் பதில். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் பெரிய ஓட்டை என்று முடிவு கட்டிப் போய்விடுவார்கள். கப்பலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பி மட்டும் நாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு, வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொன்னார். அப்பாடா என்று இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் மதினி போன் செய்தார்.

"ஏத்தா, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் மதினி."

"வீட்டுல அதது வச்ச எடத்துல இருக்கா?"

"இருக்கு மதினி."

"பீரோ?"

"அதுவும்... இருக்கு மதினி."

"இருக்கும் இருக்கும். கண்ணாடிக்குள்ள நீதான் நைட்டியோட நிக்கிறியே. வாய வேற தொறந்துக்கிட்டு. மருமக போன்ல காட்டுனா."

ஓடிப் போய் ஆப்பைத் திறந்து பார்த்தேன். துண்டுக்குக் கீழே, கண்ணாடி நிறைய நான்தான். நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டு, கையில் போன், பல் தெரிய வாய். மதினி பேரை மறைப்பதிலேயே கண்ணாக இருந்தவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற நான், பத்து நாளாக மதுரை ஜில்லா முழுக்க வாய் பிளந்து நின்றிருக்கிறேன். வந்தவர்கள் காபியை வாங்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

"நாளைக்கு வாரேன்" என்று மதினி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மதினி பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம் பார்த்து, பால் வாங்கி வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். மாட்டைத் தேடிப் பிடித்துக் கறந்து வருகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். மதினி உள்ளே வந்தார், உட்காரவில்லை, நேராக பீரோ முன்னால் போய் நின்றார். நான் துண்டை இன்னும் எடுக்கவில்லை.

"வித்தா வித்துட்டுப் போ. இரும்புதான, என்னைக்கோ ஒரு நா போகத்தான் செய்யும்" என்றார். "என் பேர ஏன்த்தா மூடுன? செத்தவ மூஞ்சில போடுற மாதிரி துண்டப் போட்டு வச்சிருக்க. நான் இன்னும் பஸ் ஏறி வந்துக்கிருக்கேன்ல?"

உங்கள் பேருக்கு விலை போடக் கூடாது என்றுதான் மூடினேன், மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றெல்லாம் பதில் வைத்திருந்தேன். வாயில் வந்தது, "காபி போடவா மதினி?" என்பது மட்டும்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் துண்டை எடுத்தேன். இறங்கும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே எழுத்தை அண்ணாந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரத்தில்தான் கப்பலூர்த் தம்பி, வீட்டம்மாவோடும் குட்டியானை வண்டியோடும் வந்து இறங்கினார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூணு மாசம்தானாம். தம்பி எழுத்தைப் படித்தார்.

"இதுக்குத்தானாம்மா துண்டு? நான் பெரிய ஓட்டன்னுல நெனச்சேன். இத அழிச்சு வேற பெயிண்ட் அடிக்கணுமே. ஐந்நூறு கொறச்சுக்கங்க."

"எத அழிக்கப் போற?" என்றார் மதினி. தம்பி ஒரு அடி பின்னால் போய்விட்டார். "அங்க எழுதியிருக்க ஆளு நான்தான். எந்தம்பி குடித்தனத்துக்கு நான் போட்டது. அழிக்கிறதுன்னா வண்டியத் திருப்பு."

விற்ற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்தான் பேசியது.

"அழிக்க வேணாங்க. இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்டுல யாரும் எதுவும் போடல. கேட்டா அலங்காநல்லூர்ப் பெரியம்மா குடுத்தாகன்னு சொல்லிக்கிறேன்."

மதினி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். யார் வீட்டுப் பெண், எந்த ஊர், சமைக்கத் தெரியுமா என்று விசாரித்தார். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "மூவாயிரம் போதும்த்தா. புள்ள புதுசாக் குடித்தனம் போகுது" என்றார். தம்பி கேட்டது ஐந்நூறு, மதினி குறைத்தது ஆயிரம். பத்து நாள் தட்டித் தட்டி நான் பேசிய பேரமெல்லாம் அதோடு போயிற்று. நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

வண்டி கிளம்பிய பிறகுதான் பால் வந்தது. என் வீட்டுக்காரரை மதினி என்னவெல்லாம் சொன்னார் என்பதை எழுதப் போவதில்லை, அவரும் இதைப் படிப்பார். பஸ் ஏறும்போது என்னிடம், "அடுத்து என்னைய விக்கிறதா இருந்தா, தலையச் சீவிவிட்டு போட்டோ எடு" என்றார். சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது மதினி வீட்டுப் பழைய மோட்டார், மருமகளின் தையல் மெஷின் எல்லாம் நான்தான் ஆப்பில் போடுகிறேன். மதினியே அனுப்பி வைக்கிறார். "உள்ளத எழுது, துண்டு போடாத" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். கோபம் போய்விட்டது என்று இதை வைத்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். கேட்க எனக்கு வாய் வராது.

அலங்காநல்லூர்ப் பக்கம் போகிற நம் ஆட்கள் யாராவது இதை மதினியிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டிச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். விலை மூவாயிரமா, அதற்கும் கீழேயா என்பதில் எனக்குச் சந்தேகம். அந்தப் பெண் பெரியம்மா என்றதா, அத்தை என்றதா என்பதும் சரியாக ஞாபகமில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கும்போது நான் அழுததாக மதினி ஊரில் சொல்கிறாராம், எனக்கு அப்படி நினைவில்லை. அதையும் கேளுங்கள். அப்படியே, பேரை மூடியது இன்னமும் மனசில் இருக்கிறதா என்றும், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாமல், கேட்டு வாருங்கள்.