யார் முதலில் போவது

சோப்புக் கம்பெனி பாய்லர்காரருக்கு மீட்டர் என்று பெயர். அழுத்தம் காட்டும் முள்ளையே முறைத்து முறைத்துக் காலம் தள்ளியவர். மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பார். இவன் எவ்வளவு தாங்குவான், எப்போது புட்டுக்கொள்வான் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு பம்பு. ஒன்று நல்லது, இன்னொன்று நோஞ்சான். நோஞ்சானுக்கு ஒரு பொட்டு கிரீஸ்கூட வைக்க மாட்டார். "போகப்போற பொருளுக்கு எதுக்குய்யா செலவு?" என்று நல்லதையே போட்டு ஓட்டுவார். வேலையில் இருந்தவரை அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. அதுதான் வினை.

ஓய்வு பெற்றதும் மொத்தமாகப் பணம் வந்தது. மகன் பக்குவமாகச் சொன்னான்.

"பேங்க்ல டெபாசிட் போடுங்கப்பா. வட்டி கம்மிதான், ஆனா முதலு அப்படியே இருக்கும்."

"முதலு இருந்தா நீ அதைச் சும்மா விட்டுவெப்பியாடா?"

மீட்டர் மனைவியைக் கூட்டிக்கொண்டு பென்ஷன் தரும் கம்பெனிக்குப் போனார். அவளுக்கு இதயம் பலவீனம். மாடி ஏறுவதற்குள் நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவர் நிற்காமல் மேலே போனார்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். "ரெண்டு விதம் இருக்கு சார். எதுல போட்டாலும் முதலு திரும்ப வராது, மாசாமாசம் பென்ஷன்தான். இதுல ஜாஸ்தியா வரும், ஆனா உங்க காலத்தோட நின்னுடும். அதுல கொஞ்சம் கம்மி. உங்களுக்கு அப்புறம் அம்மாவுக்கும் அவங்க இருக்கற வரைக்கும் வரும்."

மீட்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். முள்ளைப் பார்க்கிற அதே பார்வை.

"எனக்கு அப்புறம் இவளா? டாக்டரே கையை விரிச்சுட்டாரும்மா. இவளுக்காக நான் எதுக்கு மாசாமாசம் விட்டுக்கொடுக்கணும்? ஜாஸ்தி வர்றதையே போடு."

அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அப்புறம் மாத்த முடியாது சார்."

"மாத்தறதுக்கு நான் என்ன சட்டையா வாங்க வந்தேன்?"

மனைவி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவர் சொல்றதையே போடும்மா," என்றாள்.

இரண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தார். பென்ஷன் வந்த அன்று வாய்க்கு ருசியாக வாங்கி வந்து தின்பார். அவள் இருமினால், "இன்னும் இருக்கியா நீ?" என்பார். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அதை அவர் கண்டுகொள்ளவும் இல்லை.

மூன்றாம் வருஷம் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் செத்துப்போனது, பேச்சு போனது, விழுங்க முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடி ஏற மூச்சு வாங்கியவள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், பீ மூத்திரம் அள்ளினாள், புண் வராமல் பவுடர் போட்டாள். இப்படியொரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் உருகினார்கள்.

அவரோ அசைகிற ஒரு கையால் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார்.

மகன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "குழாயைத் திரும்ப மாட்டாம விட்டா வலியில்லாம போயிடுவாராம், டாக்டர் சொல்றாரு. அப்பாவும் அதைத்தானே கேக்கறாரும்மா?"

"போயிட்டா அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கு யாரு சோறு போடறது? நீயா?"

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு மணி பார்த்தான். பிறகு கிளம்பிவிட்டான்.

அவள் பழைய புடவையைக் கிழித்து, அந்த நல்ல கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். இறுக்கவில்லை, மணிக்கட்டில் பஞ்சு வைத்துத்தான் கட்டினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"எனக்குன்னு நீங்க வேற எதையும் வெக்கலியேங்க," என்று சொல்லி, பாலைக் குழாயில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவிடவில்லை.