பதினொரு மணிக்கு வரச் சொன்னார்

சுதந்திரம் வந்துவிட்டது, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் மட்டும் போகவில்லை. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதில், காஜா பேராங்கில் இருந்த என் மசாலாத்தூள் மில்லுக்குத் தோட்டத்துக் கடைகளின் ஆர்டர் நின்றுபோனது. தெங்கேராவில் ஒரு சீன முதலாளிக்கு, தவுக்கே என்போம், மளிகைக் கடையும் இரண்டு வேன்களும் இருந்தன. நான் அரைக்கிறேன், நீங்கள் ஊரெல்லாம் கொண்டுபோய் விற்றுக் கொடுங்கள் என்று கூட்டுக்குக் கேட்டிருந்தேன். அவரும் மறுத்தால் மில்லை மூடவேண்டியதுதான்.

பேசி ஒப்பந்தம் எழுத வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

"நல்லா இருக்கு! ராகு காலத்துல போயா கூட்டு பேசுவாங்க?" என்றாள் மனைவி.

எனக்கும் மனம் ஒப்பவில்லை. நேரத்தை மாற்றச் சொல்லவும் பயம், எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று. கடைசியில் பரஸ்தானம் வைப்பதாக முடிவு செய்தோம். நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்று முன்னால் போய்விட்டால் நாமே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மாதிரிக்கு வைத்திருந்த மிளகாய்த்தூளைத் துணிப்பையில் கட்டி, ஒன்பதரைக்கே அவர் கடை அஞ்சடி நடைபாதையில், பெஞ்சுக்கு அடியில், யாரும் பார்க்காமல் வைத்துவிட்டு வந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பதினொன்றுக்குப் போனால் கடைக் கதவெல்லாம் சாத்தியிருந்தது. வாசலில் போலீஸ் ஜீப். ஒரு போலீஸ்காரர் நீளக் கழியால் என் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிகுண்டு என்றது எதிர்ப்பக்கம் நின்ற கூட்டம். தவுக்கேயின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஓடியிருப்பேன், பொய் சொல்வானேன். ஆனால் பைக்குள் மில் பெயர் அச்சடித்த சீட்டு இருந்தது.

"இத்து சாயா பூஞா." அது என்னுடையது என்று மலாயில் சொல்லிக்கொண்டே முன்னால் போனேன்.

பையைக் கொட்டினார்கள். போலீஸ்காரர் தும்மினார், கூட்டம் சிரித்தது. என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு ஜீப் போனது. தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காரணம் கேட்டார். ராகு காலத்தைச் சொன்னேன். சுவரில் தொங்கிய சீன நாட்காட்டியைக் காட்டி மலாயில் சொன்னார்:

"தம்பி, இன்னிக்கு எனக்கு நல்ல நேரம் பதினொன்னுலருந்து ஒரு மணி வரைக்கும்தான். அதுக்குத்தான் வரச் சொன்னேன். ஒனக்குக் கெட்ட நேரம்னா வந்து சொல்லணும். என் வாசல்லயா வைப்ப?"

"தப்புதான், தவுக்கே. பன்னண்டு அடிச்சதும் கையெழுத்துப் போட்டுர்றேன்."

ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"ஒன் நேரத்தைப் பாத்துதான் இவ்வளவும் ஆச்சு. இப்பவே போடு. இல்ல, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். இன்னும் கால் மணி. மில்லை நினைத்தேன், போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.