பத்தாம் நாள் வருகிற நர்ஸ்

“திங்க ஒண்ணு, செவ்வா ரெண்டு…” என்று விரல் மடக்கியபடி மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஏறுகிறார் சுகுணா. தோளில் ஐஸ் பெட்டி. தேவனூர் நாடு என்கிற இந்த மலைப்பகுதியில் ஏழெட்டுச் சிற்றூர்களுக்கு அவர்தான் நர்ஸ். வயது நாற்பத்தாறு. மேட்டில் மூச்சு வாங்கியது அவரைப் பற்றி எழுதக் கூடப் போன எனக்குத்தான்.

அவர் எண்ணுவது தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாட்களை. போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில குழந்தைகளுக்கு உடம்பு லேசாகச் சிவந்து தடிக்கும். இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். அந்த நாட்களில் வீடு வீடாகப் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

முன்பு இப்படியில்லை. “ஒண்ணும் ஆகாதுங்க” என்று எல்லாரிடமும் அடித்துச் சொல்லி வந்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஊரில் பொன்னாயி என்பவளின் மூத்த பெண்ணுக்கு ஊசி போட்ட ஒன்பதாம் நாள் மேலெல்லாம் பூத்துவிட்டது. ஆத்தா வந்துவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். வேப்பிலை செருகிய வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் நுழையவும் கூடாது. விளக்கம் சொல்லப் போனவர் வாசலோடு திரும்பினார். அதன் பிறகு அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் ஊசி போட விடவில்லை. “தப்பு ஊசி மேல இல்லீங்க, என் வாய் மேலதான்,” என்கிறார். சொல்லும்போது முகம் சுண்டிப்போகிறது.

போன மாதம் பக்கத்து ஊரில் நிஜத் தட்டம்மையே வந்து, ஒரு குழந்தையை மூச்சுத் திணறலோடு மலையிறக்கிக் கொண்டுபோனார்கள். அந்தப் பயத்தில் இன்று பொன்னாயி பத்து மாதக் கைக்குழந்தையோடு தன் ஊர் அங்கன்வாடிக்கு வந்திருந்தாள். நாலு தாய்மார்கள் பின்னால் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து போனால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். பேசாமல் போட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சுகுணாவோ ஊசியைத் தொடக்கூட இல்லை. “கண்ணு, சின்னதுக்கும் மேல செவக்கலாம். காச்சலும் அடிக்கலாம். வராமயும் போவலாம்.”

“வந்துச்சுன்னா வேப்பில சொருவத்தான் செய்வனுங்க.”

“சொருவு கண்ணு, நான் வேண்டாம்னு சொல்லல. பத்தாம் நாள் வாரேன். என்னைய மட்டும் ஊட்டுக்குள்ள உடு.”

பொன்னாயி குழந்தையை மடியில் சாய்த்து, அதன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.