நாலு நாள் வீடு

ஊர் வம்பு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? தைப்பது பாதி, தெருவைப் பார்ப்பது பாதி. அப்படித்தான் நீலக் கதவு போட்ட எதிர்வீட்டுக்காரி என் கண்ணில் பட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஒரு பாய், ஒரு துணி மூட்டை, ஒரு குக்கர், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திங்கட்கிழமை காலையில் அதே மூட்டையோடு திரும்பி வருவாள்.

புருஷனோடு சண்டை என்று முதலில் நினைத்தேன். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை பார்த்தா சண்டை வரும்? சரி, கோயில் வேண்டுதலாக இருக்கும் என்று பார்த்தால், கோயிலுக்குக் குக்கர் எதற்கு? எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் ஜாக்கெட் தைக்கத் துணியோடு வந்தவளை, அளவெடுக்கிற சாக்கில் மடக்கிவிட்டேன்.

"எங்கம்மா போற, வாராவாரம் மூட்டயக் கட்டிக்கினு?"

"எங்கயும் போவலக்கா. வெள்ளி, சனி, ஞாயிறு அந்த ஊடு எங்களுக்கு இல்ல. டூரிஸ்ட்டுக்கு விட்டுடுவாங்க. மீதி நாலு நாளுதான் நாங்க. அதனாலதான் வாடக பாதி."

இஞ்ச் டேப் என் கையிலேயே நின்றுவிட்டது. வீட்டைத் தவணையில் வாங்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். தவணையில் குடியிருப்பார்களா?

அவள் காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி குடும்பங்களுக்கே கால் நீட்ட இடமில்லை. புருஷனுக்கு நோணாங்குப்பம் சுற்றுலாப் படகுத்துறையில் வேலை. சனி ஞாயிறுதான் அங்கே கூட்டம் என்பதால் வெள்ளிக்கிழமையே போய் அங்கேயே படுத்துக்கொள்வான்.

"கூட்டம் வந்தாத்தான் அவருக்கு வேல. கூட்டம் வந்தா எனக்கு ஊடு இல்ல," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கேள்விதான் வந்தது.

"அப்ப நீ எங்க படுக்கற?"

"எம்.எல்.ஏ. ஆபீஸ்ல."

எங்கள் ஊரில் சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ., சாவு விழுந்தாலும் எம்.எல்.ஏ. கவுன்சிலர் என்று ஒருத்தர் இருப்பார் என்பதையே ஜனம் மறந்துவிட்டது. இவளும் வாய்க்கால் ஓரம் அரசு கட்டுகிற அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டுத்தான் அவரிடம் போயிருக்கிறாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கக்கத்தில் பாயைப் பார்த்தவர், "ஒண்டிப் பொம்பள எங்கம்மா போவ? ராத்திரில ஆபீஸ் சும்மாத்தான கெடக்குது," என்று சாவியைக் கொடுத்துவிட்டாராம். மனசு இரங்கினாரோ, ஓட்டு தொகுதியை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தாரோ, இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் இல்லை.

கேட்டதோடு விட்டுவிட முடிகிறதா என்னால்? தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு புகாரைக் கிளப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை ஆபீஸுக்குப் போனேன். அடேயப்பா! வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. வந்தவர்களை உட்காரவைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை ஆபீஸ் ஆள் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா, ஒரு ஊட்டுக்கு," என்று கெஞ்சினார். அவளும் பொறுமையாகக் கேட்டு, அவரை முதல் நாற்காலிக்கு நகர்த்தினாள்.

"நீயே ஊடில்லாம கெடக்கற, ஊருக்கு ஊடு வாங்கித் தர்றியா?" என்று காதைக் கடித்தேன்.

"எனக்கும் சொல்லியிருக்காருக்கா. இந்தத் தடவ கண்டிப்பா உண்டாம். ஏழு நாளும் ஒரே எடத்துல படுக்கணும். சொவுத்துல சொந்தமா ஒரு ஆணி அடிச்சு சாமி படம் மாட்டணும். வேற இன்னா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமி படத்தைக் கழற்றி, துணி மூட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகை கடைசியில் வீடு கொடுத்தார்கள். அந்தக் கிழவருக்குக் கிடைத்தது. இவளுக்குக் கிடைக்கவில்லை. போய்க் கேட்டதற்கு எம்.எல்.ஏ. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாராம்.

"ஒனக்கு இன்னாம்மா கவல? நீதான் நம்ம ஆபீஸ்லயே இருக்கியே! ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு மொதல்ல போவட்டும்னு பார்த்தேன்."

அவள் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்த கேக்க வேண்டியதுதான?"

"கேக்கலக்கா. சாவிய அவரு கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸ் வாசற்படிக்குக் கீழே, தெருவிலேயே பாயை விரித்துவிட்டாள். சேதி போய் எம்.எல்.ஏ. ஸ்கூட்டரில் ஓடி வந்தார். நான் மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"உள்ள போய்ப் படும்மா. என் வாசல்ல நீ தெருவுல கெடந்தா என் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"உள்ள போனா எனக்கு ஊடு இருக்குதுன்னு நெனச்சிக்கறீங்கண்ணே."

மைக்கைப் பிடித்தால் விடாத மனுஷன், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடுத்த தடவ மொதப் பேரு ஒன்னுதும்மா," என்றார் கடைசியில். "சரிண்ணே," என்றாள். பாயை மட்டும் சுருட்டவில்லை. அவர் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளியூர்க் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்திருக்கிற வீடு எது என்று கேட்டார்கள். "அதோ, நீலக் கதவு," என்று அவளேதான் கையைக் காட்டினாள்.

பனி வேறு இறங்கத் தொடங்கிவிட்டது. "எழுந்து வாடி எங்க ஊட்டுக்கு. ஹால் சும்மாத்தான் கெடக்குது," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "வேணாங்க்கா. அங்க வந்து படுத்தா, அவளுக்கு இன்னா, டெய்லரக்கா ஊடு இருக்குதுன்னு சொல்லிடுவாங்க."

பிடித்த கையை விட்டேன். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு போர்வ இருந்தா மட்டும் குடுங்க. போர்வைய யாரும் ஊடுன்னு சொல்ல மாட்டாங்க."