பழைய வண்டிக்கு மூன்றாவது சக்கரம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து. செத்துப்போன கொழுந்தனின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரும் இன்றைக்கும் என் முன்னால் குரலை உயர்த்திப் பேசமாட்டார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத உட்கார்ந்தால் கை வலிக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். வாசலில் ஒரு தூண் மட்டும் நிற்கிறதே, இன்னொன்று எங்கே என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் மோட்டார் சைக்கிளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு அனுமந்தன்பட்டியில் வாழையும் கொஞ்சம் திராட்சையும் உண்டு. மூன்றாவது பிள்ளை பிறந்த வருடம் என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஒரு பெரிய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். முழுக்க இரும்பு. சாய்ந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்கும், நான் எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அதில் குமுளிக்குப் போயிருக்கிறோம், வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருக்கிறோம். சேலை கட்டியவள் எப்படி உட்காருவாள்? இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்துத்தான் உட்காருவேன். வயலும் தென்னையும் எதிரே வரும் சனங்களும் என் முகத்துக்கு நேரே ஓடும்.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம், அவர் காலில் முள் குத்தியது. சர்க்கரை வியாதி இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. புண் ஆறவில்லை. மதுரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். வாசலைத் தாண்டவில்லை.

தோட்டத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தேனி மண்டிக்கு ஆள் வைக்க முடியாது. அப்போதெல்லாம் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேச்சு. நம் கை அங்கே இருந்தால்தான் நம் விலை. இரண்டாவது மகன் சில தடவை போனான். அவன் விரலைப் பிடித்த வியாபாரிகள் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள் என்று லாரிக்காரர் வந்து சொன்னார். அதைக் கேட்டு இவர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார்.

“மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போறோம்ப்பா” என்றான் அந்த மகன்.

“ஏலே, நான் என்ன வாழைத்தாரா, ஏத்தி இறக்குறதுக்கு? நானாப் போனாப் போறேன். இல்லாட்டி இங்கனயே கெடக்கேன்.”

அவர் தானாகப் போக ஒரு வழி வேண்டும். அது இல்லையென்றால் அந்த மனிதர் கட்டிலோடு முடிந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மதுரையில் வேலை பார்த்த மூத்த மகன்தான் வழி சொன்னான். தேனியில் ஒரு பட்டறையில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு வைத்து இரண்டு சக்கரம் மாட்டிக் கொடுக்கிறார்களாம். வண்டி தானாக நிற்கும், காலை ஊன்ற வேண்டியதில்லை. அந்த வருடங்களில்தான் லேசான புது வண்டிகள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்றான். பழைய வண்டி மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது.

“இருக்க வண்டிய மாத்துனா ஆகாதாடா?” என்று கேட்டேன்.

“அது ரோடு ரோலர்மா. புதுசுன்னா பூ மாதிரி உதைக்கலாம், பெட்ரோலும் கொஞ்சமாத்தான் குடிக்கும்.”

மகன் சொன்னதில் தப்பில்லை. இவரும் புது வண்டி என்றுதான் சொன்னார். எனக்கு அதுதான் ஆச்சரியம். பிள்ளைகளைத் தொடவிடாமல் துடைத்து வைத்த வண்டி அது. மகன் போனபிறகு கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த வண்டியில நான் எப்பிடிப் போனேன்னு ஊருக்குத் தெரியும். அதுலயே ரெண்டு சக்கரத்த மாட்டிக்கிட்டு ஐஸ் வண்டி மாதிரி போகச் சொல்றியா? புதுசுன்னா, யாரோ ஒரு நொண்டி போறான்னு விட்டுருவாக.”

ஆனால் எனக்கு வேறொரு யோசனை இருந்தது. இத்தனை வருடம் இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவள் நான். என் காலுக்குப் பக்கத்தில்தான் அவர் இடது கால் இருக்கும். அது சும்மாவே கிடக்கும், நிறுத்தும்போது மட்டும் பிரேக்கை அமுக்கும். கியர் போடுவது, உதைத்துக் கிளப்புவது எல்லாம் வலது கால் வேலை. புது வண்டிகளில் கியர் இடது பக்கம். இது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். கம்பி வைத்துக் கியரைக் கைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மூவரும் பஸ் ஏறித் தேனிக்குப் போனோம். இந்த ஒரு தடவைக்கு மட்டும் மகன் தோளைப் பிடித்து ஏறி இறங்க இவர் ஒத்துக்கொண்டார். பட்டறைக்காரர் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்காக மாற்றிய புது வண்டி ஒன்று அங்கே நின்றது. ஏறி உட்கார்ந்து உதைத்தார், உடனே கிளம்பியது. மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கியர் மாற்றும் இடத்தில்தான் வந்தது வினை. கிளச்சைப் பிடிப்பது இடது கை. அதை விடாமல் கம்பியை இழுக்க வேண்டுமென்றால் வலது கை குறுக்கே வர வேண்டும், முறுக்கிய ஆக்சிலேட்டரை விட வேண்டும். வண்டி திக்கித் திக்கிப் போனது. முனையில் திரும்ப வேண்டிய இடத்தில், இருபது வருடப் பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தார். மூன்று சக்கரம் சாயுமா? நேரே போய் எதிர்க்கடை மிளகாய் மூட்டையில் முட்டி நின்றது.

கடைக்காரர் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். “அண்ணே, மிளகா வேணும்னா வாயால கேக்கலாமே!”

தெருவே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. “போதும், வீட்டுக்குப் போவோம்” என்றார்.

“பழகப் பழக வந்துரும்ணே” என்று பட்டறைக்காரர் சமாதானம் சொன்னார். அதுவும் உண்மைதான். அந்தக் கடைக்காரர் அதில் நன்றாகவே போய் வந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் புதிதாகக் கற்றுக்கொண்டவர். இவருக்கோ பழசு உடம்பில் ஊறியிருந்தது.

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டுக் கொட்டகையில் இருந்த பழைய வண்டியை வெளியே உருட்டச் சொன்னேன். நடு ஸ்டாண்டு போட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். “ஏறுங்க” என்றேன். “எதுக்கு?” என்றார். “சும்மா ஏறுங்க. நானும் ஏறுறேன்.” ஆட்களைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் வழக்கம்போல ஒருக்களித்து உட்கார்ந்தேன். விளக்குக்கு மேலே இருக்கிற மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை அவர் மெதுவாக மிதித்து, பிறகு ஓங்கி உதைத்தார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் மாடுகள் கயிற்றை இழுத்தன. அவர் வலது கால் தானாகக் கியரைத் தேடிப் போட்டதைப் பார்த்தேன். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

“ஊரு சிரிக்கும்” என்றார் திரும்பாமலே.

“சிரிக்கட்டும். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. நான்தான ஒருக்களிச்சு உக்காந்து வாரேன். சிரிக்கிறவன் எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கட்டும், தெரியும் சேதி.”

அன்றைக்குத்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஒம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?” என்றார். மகனிடம் நானே சொன்னேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வண்டியை லாரியில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனவன் அவன்தான்.

பட்டறைக்காரருக்குப் பிரேக்கைக் கைக்குக் கொண்டுவருவது மட்டும்தான் பெரிய வேலையாக இருந்தது. அச்சு எவ்வளவு அகலம் என்று கேட்டார். தோட்டத்துப் பாதையில் மாட்டு வண்டிச் சக்கரம் பதித்த தடம் இரண்டு பக்கமும் பள்ளமாக ஓடும். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று மேட்டிலும் போனால் வண்டி கவிழும். ஆகவே இவர் மாட்டு வண்டியின் அச்சை அளந்து, அதே அகலம் சொன்னார். எல்லோரும் சபாஷ் என்றோம்.

வண்டி வந்தபின் களத்தில் சுற்றிச் சுற்றிப் பழகினார். சாயும்போதெல்லாம் நான் பின்னாலிருந்து தோளைத் தட்டுவேன். “சாயாதீக, ஹேண்டிலத் திருப்புங்க.” வாழையறுப்புக்குச் சரியாகத் தயாராகிவிட்டார்.

முதல் நாள் களத்திலிருந்தே கிளம்பி இரண்டு பேருமாகத் தேனிக்குப் போனோம். உத்தமபாளையத்தில், சின்னமனூரில் சனங்கள் நின்று பார்த்தார்கள். நானும் அவர்களை நின்று நிதானமாகப் பார்த்தேன். மண்டி வாசலில் ஒரு வியாபாரி, பல வருடப் பழக்கம், சத்தம் போட்டார்.

“என்ன அண்ணே, வண்டிக்கு மூணு காலா?”

“எனக்கு ஒண்ணு கொறஞ்சுச்சு, வண்டிக்கு ஒண்ணு கூட்டிட்டேன். சரியாப் போச்சுல்ல? துண்டப் போடுய்யா!”

வண்டியை விட்டு இறங்கவேயில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். துண்டு விழுந்தது. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே திரும்பியவர் என் வீட்டுக்காரர்.

அந்த உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்தோம். வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மாட்டு வண்டி எப்போதும் பின்பக்கக் களத்து வழியாகத்தான் வரும். முன்வாசலில் ஒருநாளும் வந்ததில்லை. மாட்டு வண்டி அச்சை அளந்த இவர், பட்டறைக்காரர், மகன், நான், ஒருத்தரும் வாசலை அளக்கவில்லை. இரண்டு தூணுக்கும் நடுவே சக்கரம் நுழையவில்லை.

“பின்னாடி சுத்திப் போயிருவோம்ப்பா” என்றான் இரண்டாவது மகன். “இல்லாட்டி அச்ச வெட்டிச் சுருக்கிருவோம்.”

இவர் வண்டியை அணைக்கவில்லை. “வண்டியில கை வைக்கப்படாது. இத்தன வருசமும் முன்வாசல் வழியாத்தான் போனேன் வந்தேன், இனியும் முன்வாசல் வழியாத்தான் வருவேன்” என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். தூண்கள் என் மாமனார் கட்டியவை.

“கடப்பாரைய எடுத்துட்டு வாடா” என்று மகனிடம் சொன்னேன்.

அதற்குப்பின் பதினோரு வருடம் அவர் அந்த வண்டியில்தான் மண்டிக்குப் போனார். ஒருநாளும் யாரும் அவரை ஏற்றி இறக்கவில்லை. தூணைத் திரும்பக் கட்ட நான் விடவில்லை.

இவ்வளவுதான் ஆத்தா. கையை உதறிக்கிட்டு, முதல்லருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கியான்னு பாப்போம்.