மாலை போட்ட அண்டாவும் மதுரை டூரிஸ்ட் பஸ்ஸும்

1. ரேடியேட்டருக்குத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசி. மதுவிலக்கு அமலில் இருந்த சமயம். கூடலூரைத் தாண்டி, குமுளி மலை ஏறுகிற ரோட்டோரத்தில் எங்கள் புல்தைலக் கொட்டகை இருந்தது. எலுமிச்சை வாசம் அடிக்கும் மலைப்புல்லை அண்டாவில் அடைத்து, ஆவி ஏற்றி, தைலம் வடிப்பதுதான் தொழில். டிரம் டிரம்மாக சோப்புக் கம்பெனிக்குப் போகும். நான் அங்கே கிளார்க்.

பெரிய அண்டா, வளைந்த செப்புக் குழாய், அடியில் நெருப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் சாராயம் என்றுதான் தோன்றும். போலீஸ்காரர்களே இரண்டு முறை வந்து மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்து ரோட்டுப் பக்கம் தட்டி கட்டி மறைத்திருந்தோம்.

அந்த வருஷம் சோப்புக் கம்பெனி கெமிக்கல் வாசனைக்கு மாறிவிட்டது. டிரம்கள் தேங்கின. தேனி பஜாரில் கடை வைத்திருந்த முதலாளி ஒருநாள் வந்து, "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சின்னமனூரு பழைய செம்பு வியாபாரி வருவாக. அண்டாவ எடை போட்டுக் குடுத்துருங்க" என்றார். அண்டா போனால் நானும், பாய்லர்மேன் பாப்பச்சனும், புல் கட்டுகிற ஆறு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வாரத்தில்தான் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தேக்கடிக்குப் போகிற வழியில் ரேடியேட்டர் கொதித்து, தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர், தட்டிக்குப் பின்னால் அண்டாவைப் பார்த்ததும் தண்ணீரை மறந்துவிட்டார். ஒரு மணி நேரம் நின்றார். சொந்த ஊர் ஸ்காட்லாந்தாம். அங்கே விஸ்கி காய்ச்சுகிற இடத்தைச் சும்மா பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கார் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். கம்பெனியே ஆள் வைத்துச் சுற்றிக் காட்டுகிறதாம். பார்த்தவர்கள் போகும்போது ஒரு பாட்டில் வாங்காமல் போவதில்லையாம்.

பாப்பச்சன் குமுளிப் பக்கத்து மலையாளி. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சிரித்தார்.

"சாரே, ஒருத்தன் வேர்த்து வடிய வேலை செய்யறத வேடிக்கை பாக்க ஆளு வருமா? அங்கன யாருக்கும் சோலி இல்லையா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை.

2. என் புத்திசாலித்தனம்

முதலாளியிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு டூரிஸ்ட் பஸ்ஸக் கூட்டியாறேன். ஒரு பாட்டிலும் விக்காட்டி உங்க இஷ்டம்."

மதுரையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு டூரிஸ்ட் பஸ் வரும். குச்சனூரில் சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் தேக்கடிக்குப் போகும், மறுநாள் திரும்பும். அதன் கைடு எனக்குத் தெரிந்தவன். இருபது நிமிஷம் நிறுத்தச் சம்மதித்தான்.

இனி என் புத்திசாலித்தனம். புகை வந்தால் கண் எரியும், வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று வெள்ளிக்கிழமையே நெருப்பை அணைக்கச் சொன்னேன். பாப்பச்சன் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. முதலாளி தன் பங்குக்கு ஆயுத பூஜை மாதிரியே செய்துவிட்டார். அண்டாவைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, முன்னால் சூடம் ஏற்றினார். ரோட்டுத் தட்டியைப் பிரித்துப் போட்டோம். மேஜையில் பன்னிரண்டு சின்னப் பாட்டில்கள்.

பஸ் வந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வரிசையாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா அண்டாவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "இது என்ன சாமி தம்பி?" என்று கேட்டார். நான் ஆவி, கண்டென்சர் என்று ஆரம்பித்தேன்.

"சாமி முன்னாடி பேசாதப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

சூடத்தட்டில் சில்லறை விழுந்தது. பாட்டில்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போனதும் முதலாளி என்னைத் திட்டவே இல்லை. "சரி, நாளைக்கு சின்னமனூரு வியாபாரி வரட்டும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

3. கடைசி லோடு

மறுநாள் ஞாயிறு. அறுத்த புல் மிச்சம் கிடந்தது. விட்டால் வீணாகும் என்று பாப்பச்சன் விடியற்காலையிலேயே அண்டாவில் கடைசி லோடு ஏற்றி நெருப்பு மூட்டிவிட்டார். அழுக்குக் கைலி, தலையில் துண்டு. பெண்கள் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு புல் திணித்தார்கள். பிரித்த தட்டியைத் திரும்பக் கட்ட யாருக்கும் மனசில்லை.

பதினோரு மணிக்கு சின்னமனூர் வியாபாரி தராசோடு வந்தார். அண்டாவைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. ஆறட்டும் என்று வேப்பமரத்தடியில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது மலையிலிருந்து இறங்கிய டூரிஸ்ட் பஸ், யாரும் கை காட்டாமலே நின்றது. கண்ணாடி போட்ட அம்மாதான் முதலில் இறங்கினார்.

"நேத்துக் கும்பிட்டமே, அங்கன இருந்தா இந்த வாசம் வருது?"

பாப்பச்சன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆத்தா, தள்ளி நில்லு. ஆவி அடிச்சிரும்."

அவர் தள்ளி நின்றார், போகவில்லை. பின்னாலேயே நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீரும் தைலமும் சேர்ந்து சொட்ட, கேனில் தைலம் மட்டும் மஞ்சளாக மேலே மிதந்தது. பாப்பச்சன் அதில் விரலைத் தோய்த்து அந்த அம்மாவின் மணிக்கட்டில் தடவினார்.

"அம்புட்டுப் புல்லுக்கும் இம்புட்டுத்தானா?" என்றார் அந்த அம்மா.

"இம்புட்டுக்குத்தான் ஆறு மணி நேரம் வேகுறேன்" என்றார் பாப்பச்சன்.

ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இது... அது இல்லையே?" என்று கேட்டார்.

"அதுவா இருந்தா போலீசு விட்டு வச்சிருப்பாகளா?" என்றாள் புல் கட்டுகிற பெண் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு பாட்டிலும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. எங்களிடம் வேறு பாட்டில் கிடையாது, டிரம்தான். குச்சனூரில் விளக்குப் போட நல்லெண்ணெய் கொண்டுபோன காலிப் பாட்டில்கள் பஸ்ஸில் கிடந்தன. அவற்றை வெந்நீரில் கழுவிக் கழுவி ஊற்றிக் கொடுத்தோம்.

வியாபாரி எழுந்தார். "அண்டா எப்ப ஆறும் முதலாளி?"

முதலாளி பாப்பச்சனைப் பார்த்தார். பாப்பச்சன் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

"இப்போதைக்கு ஆறாதுபோல இருக்குங்க" என்றார் முதலாளி.

இப்படிச் சுற்றிக் காட்டுகிற தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காட்டுவதற்காக வேலையை நிறுத்தாதீர்கள். வேலையைத்தான் பார்க்க வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. அந்த அம்மா பஸ் கிளம்பும் வரை மணிக்கட்டை மோந்துகொண்டே இருந்தது மட்டும் தெரியும்.

நாலைந்து மாதம் கழித்து அந்த வியாபாரி மறுபடி வந்தார். எனக்குப் பக்கென்றது. ஆனால் கையில் தராசு இல்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.