இரண்டு வீட்டுக்கும் ஒரே எண்

மயிலாப்பூரில் அம்மா மத்தியானக் காபி போட எழுந்துவிட்டாளா என்று பார்க்கத்தான் கைபேசியைத் தொட்டேன். திறந்தது என் பிரிண்டரின் பக்கம். மஞ்சள் மை தீரப்போகிறது என்றது. ஸ்டுட்கார்ட்டில் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர் அது. மறுபடி தொட்டேன். மறுபடியும் மஞ்சள் மை. கடல் தாண்டிப் போகவேண்டிய விரல், அறையைக்கூடத் தாண்டவில்லை.

அங்கே கேமரா வைத்து இங்கிருந்து பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தது. எலும்பு தப்பியது. ஆனால் போன் கூடத்தில் இருந்ததால் யாரையும் கூப்பிட முடியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பாலவாக்கத்தில் இருக்கும் அண்ணா, பகலில் யாராவது கவனித்துக்கொள்ள முடிந்தால் அவள் மயிலாப்பூரிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் இந்த மாதமே தன் பிளாட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றான். அம்மாவுக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, மாலையில் வீணை வகுப்பு, இவை இல்லாமல் முடியாது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். கவனித்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லி, லீவு போட்டுப் போய், தி.நகரில் ஒரு கேமரா வாங்கினேன்.

சுவரில் துளை போட வந்தவர், "எங்க வைக்கணும்னு சொல்லும்மா, இங்க வச்சா பாத்ரூம் வாசல் வரிக்கும் தெரியுது" என்று ஏணியில் நின்றபடி கேட்டார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் நிபந்தனை போட்டாள்.

"ஆத்து மனுஷா பாக்கறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லடீ. எவனோ கம்பெனிக்காரன் எங்கேயோ உக்காந்துண்டு பாக்கப்படாது."

நியாயம்தான். அதனால் எந்தக் கம்பெனியின் வழியாகவும் படம் போகாமல், வீட்டு வைஃபைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி செய்தேன். பிறகு என் ஸ்டுட்கார்ட் ரவுட்டரையும் மயிலாப்பூர் ரவுட்டரையும் ஒரு தனிப்பாதையால் இணைத்தேன். அங்கிருந்தவரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஓடாமல் என்ன, நானே அந்த வீட்டுக்குள்தானே இருந்தேன்.

பிரிண்டர் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் வீட்டுப் பொருள்களுக்கு உள்ளூர் எண்கள் கொடுக்கும். தேடும் எண் தன் வீட்டு வரிசையில் இருந்தால், அது வாசலைத் தாண்டிப் போகாது, உள்ளேயே தேடும். ஜெர்மன் ரவுட்டர் வேறு வரிசையோடுதான் வந்தது. குடிவந்த அன்று, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், அதை 192.168.1.1 என்று மாற்றினேன். மயிலாப்பூரில் கல்லூரி நாட்களில் நெட் போனபோதெல்லாம் அடித்த எண். விரலுக்குத் தெரிந்த ஒரே எண். முதல் பொருளின் எண்ணை இருபதில் முடிப்பதும் அங்கே பழகியதுதான். இங்கே பிரிண்டர், அங்கே கேமரா, இரண்டும் 192.168.1.20. புது வீட்டைப் பழைய வீடாகவே அமைத்துக்கொண்டேன். அதனாலேயே இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை.

ஒன்று மாறியாக வேண்டும். அங்கே தொட்டால் பாதியில் இணைப்பு அறுந்துவிடும் என்ற பயம். இங்கே மாற்றுவதற்காக இணையக் கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். பேசியவர், "நாங்கள் கொடுத்த எண்ணை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அது எங்கள் வீட்டு எண் என்றேன். "நீங்கள் இருப்பதுதானே உங்கள் வீடு?" என்றார் குழப்பத்தோடு. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னபடி, வந்தபோது இருந்த எண்ணையே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் வலித்தது, சொல்லத்தான் வேண்டும்.

கூடம் தெரிந்தது. அம்மா கேமராவைப் பார்த்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தாள்.

"தெரியறதா?"

"தெரியறதும்மா. காபி ஆறிண்டிருக்கு."

"ஆத்து மனுஷா மட்டும்தானே?"

"நான் மட்டும்தாம்மா."

"அப்போ சரி. அண்ணாகிட்ட சொல்லிடு, நான் எங்கேயும் வரலைன்னு."

போன வாரம் இங்கே இணையம் தடுமாறியது. யோசிக்காமல் பழைய எண்ணை அடித்தேன். மெதுவாக ஒரு பக்கம் திறந்து கடவுச்சொல் கேட்டது. அது மயிலாப்பூர் ரவுட்டர். நான் உட்கார்ந்திருக்கும் வீட்டின் எண் நினைவுக்கு வரவில்லை. எழுந்துபோய், இங்கிருக்கும் ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து அடித்தேன்.